31:27-க்குத் தங்கமா? பெண்கள் 10,000 மீட்டர் ஏன் இப்படி ஆமை வேகத்தில் போகிறது?

கேள்வி | 20.08.2023, காலை 7:40

நேற்று நடுராத்திரி தாண்டி முழித்திருந்து புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் 10,000 மீட்டர் பார்த்தேன். எத்தியோப்பியாவின் குடாஃப் செகாய் 31:27.18-ல் தங்கம். உலக சாதனை 29:01. கிட்டத்தட்ட இரண்டரை நிமிஷம் வித்தியாசம்! பாதி ரேஸ் வரைக்கும் எல்லாரும் பேசிக்கொண்டே வாக்கிங் போகிற மாதிரி இருந்தது. பேசி வைத்துக்கொண்டு ஓடுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

20.08.2023, மதியம் 1:15

பேசி வைத்துக்கொள்ளவில்லை தம்பி. பேசி வைத்திருந்தால் வேகமாகப் போயிருக்கும்.

31:27-ஐ 25 சுற்றால் வகுத்துப் பாருங்கள், சுற்றுக்கு எழுபத்தைந்தரை விநாடி. சாதனை ஓட்டத்தில் அது 69 விநாடி சொச்சம். நேற்று கடைசிச் சில சுற்றுகள் பறந்ததால்தான் சராசரி 75-க்கு வந்தது, முதல் பாதி அதைவிட மோசம். ஆனால் ‘வாக்கிங்’ என்ற பேச்சை மட்டும் வாபஸ் வாங்குங்கள். 78 விநாடியில் 400 மீட்டர், நிற்காமல் அடுத்த 400, அதற்கடுத்த 400. பக்கத்து மைதானத்தில் ஒரே ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பேசலாம்.

சாதனை ஓட்டம் வேறு, சாம்பியன்ஷிப் ஓட்டம் வேறு. சாதனைக்கு ஏற்பாடு செய்யும் போட்டிகளில் பேஸ்மேக்கர் (முன்னால் ஓடி வேகம் பிடித்துக்கொடுப்பவர்) உண்டு. இப்போது டிராக்கின் உள்விளிம்பில் ஓடும் விளக்கும் உண்டு, அதைத் துரத்தினால் போதும். உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டும் கிடையாது. மெடல் நேரத்துக்கு இல்லை, இடத்துக்கு. முன்னால் போகிறவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும். பின்னால் வருகிறவர் அவர் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு சொகுசாக வருவார். கணக்கு போடுவது, வேகம் பிடிப்பது என்ற தலைவலியும் முன்னவருக்கே. அதனால் ‘நீ போ’, ‘நீ போ’ என்று எல்லாரும் காத்திருப்பார்கள்.

20.08.2023, இரவு 10:05

மதியம் எழுதியதில் முக்கியமானது விட்டுப்போச்சு. அந்தக் கூட்டத்தில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் இருந்தார். 1500 மீட்டரை 3:51.95-ல் ஓடியவர். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் 1500, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். ஒரே சாம்பியன்ஷிப்பில் அப்படி ஒரு ஜோடியை யாரும் கேள்விப்பட்டதில்லை. மெதுவாக ஓடினால் கடைசிச் சுற்றில் அவருக்குத்தான் கொண்டாட்டம். அப்படியிருக்க எத்தியோப்பியா மூன்று பேரை வைத்துக்கொண்டு ஏன் வேகத்தைக் கூட்டவில்லை? ஆளுக்கு இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இழுத்திருந்தால், அன்று பகலில் 1500 மீட்டர் ஹீட் (முதல் கட்டத் தகுதி ஓட்டம்) வேறு ஓடிவிட்டு வந்திருந்த ஹசன் களைத்திருக்க மாட்டாரா?

கடைசியில் நடந்தது எல்லாரும் பார்த்ததுதான். நேர்க்கோட்டில் ஹசன் முன்னால், செகாய் வெளிப்பக்கம் ஒட்டி வருகிறார், இருவரும் உரசுகிறார்கள், கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது ஹசன் சரிந்து விழுந்தார். செகாய், லெதெசென்பெத் கிடே, எஜ்கயேஹு தாயே என்று மூன்று மெடலும் எத்தியோப்பியாவுக்கு. எழுந்து மெல்ல வந்த ஹசனுக்கு 11-வது இடம். மூன்று மெடலும் வந்துவிட்டதால் அவர்கள் திட்டம் சரி என்றாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

21.08.2023, காலை 6:50

“கிடேக்கு கிக் இல்லை. அதான் வெள்ளி. கதை முடிந்தது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிக் என்றால் கடைசியில் பாய்கிற வேகம்.

கதை அவ்வளவு சீக்கிரம் முடியாது சார். 2019 தோஹாவில் முன்னால் போய் இழுத்தவர்களில் கிடே முக்கியமானவர். கடைசியில் ஹசன் தாண்டினார், கிடேக்கு வெள்ளி. 2021 ஜூன் 6-ஆம் தேதி ஹெங்கெலோவில் ஹசன் 29:06.82 ஓடி உலக சாதனை வைத்தார். இரண்டே நாளில் அதே டிராக்கில் கிடே 29:01.03 ஓடி அதைப் பறித்துவிட்டார். சரி, இனி இவர்தான் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். வெக்கையில் சுற்று சுற்றாக கிடே முன்னால். பின்னால் ஹசனும் பஹ்ரைனின் கல்கிதான் கெசாஹெக்னேவும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஹசன் 29:55.32, கல்கிதான் 29:56.18. வேலை முழுவதையும் செய்த கிடே 30:01.72, வெண்கலம். அந்தச் சமயத்தில் அவர் பிறந்த டிக்ரே பகுதியில் போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் யூஜீன் உலக சாம்பியன்ஷிப்பில் அதே கிடேதான் தங்கம் வாங்கினார். 30:09.94. கென்யாவின் ஹெலன் ஒபிரி 30:10.02, மார்கரெட் கிப்கெம்போய் 30:10.07, ஹசன் நான்காவது, 30:10.56. நாலு பேர், முக்கால் விநாடிகூட இல்லை. கிக் இல்லாதவரா அந்த நேர்க்கோட்டில் ஒபிரியையும் ஹசனையும் அடக்கினார்?

21.08.2023, இரவு 11:30

தூக்கம் வரவில்லை, இன்னொன்று.

புடாபெஸ்ட் ஒளிபரப்பில் கோட்டைத் தாண்டிய பிறகு நடந்ததைக் கவனித்தீர்களா? செகாய் கொடியோடு போய்விட்டார். கிடே திரும்பி வந்து ஹசனிடம் குனிந்து ஆறுதல் சொன்னார். எந்த ஹசன்? தோஹாவிலும் டோக்கியோவிலும் தன் முதுகுக்குப் பின்னால் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போன ஹசன்.

அதற்கு ஆறு மாதம் முன்னால், பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட்டில் உலக கிராஸ் கன்ட்ரி. கிடே முதலில் வந்துகொண்டிருந்தார். கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் பின்னி விழுந்தார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் தங்கம். கிடேயை எழுப்பிவிட ஒருவர் கை கொடுத்ததால் டிஸ்குவாலிஃபை, நான்காவது இடமும் போச்சு. விழுந்தவரின் நிலைமை அந்த மைதானத்தில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

இவர்தான் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்து வெளியே அனுப்பப்பட்ட பெண்.

22.08.2023, இரவு 9:20

“நீங்கள் ஓடியிருக்கிறீர்களா, சும்மா புள்ளிவிவரமா?” என்று கேட்ட அண்ணனுக்கு:

ஓடியிருக்கிறேன். சோனல் மட்டம், அதற்கு மேல் இல்லை. மண் டிராக், சுண்ணாம்புக் கோடு, முக்கால்வாசிப் பேர் வெறுங்காலில். எனக்குக் கடைசி 200-ல் வேகம் வராது, ஆகவே ஆரம்பத்திலிருந்தே முன்னால் போவதுதான் ஒரே வழி. முன்னால் ஓடும்போது பின்னால் எத்தனை பேர் என்று தெரியாது. திரும்பிப் பார்க்காதே என்று பி.டி. சார் சொல்லியிருப்பார். காதுதான் கண். ஒருத்தியின் மூச்சு. அவள் கால் மண்ணில் படும் சத்தம், என் காலோடு சேர்ந்தே விழும். கொஞ்ச நேரத்தில் அவள் என் நடையைத் தன் நடையாக்கிக்கொண்டுவிட்டாள் என்று தெரியும். நான் கூட்டினால் அவளும் கூட்டுவாள், குறைத்தால் குறைப்பாள். அதில் வருகிற எரிச்சல் இருக்கிறதே, நுரையீரல் எரிச்சலைவிட மோசம். வளைவில் வெளியே ஒதுங்கி ‘போம்மா நீ’ என்று வழிவிட்டுப் பார்த்தேன். அவளும் ஒதுங்கினாள்! கடைசி வளைவில் தாண்டினாள்.

ஒருமுறை கடைசிச் சுற்றுக்கான பெல்லை ஒரு சுற்று முன்னாலேயே அடித்துவிட்டார்கள். சுற்றுக் கணக்கு எழுதியவர் ஒரு சுற்றுத் தாழ்ந்துபோன பெண்ணோடு என்னைக் குழப்பிக்கொண்டார். முழு வேகத்தில் முடித்துவிட்டு நின்றால், “இன்னும் ஒன்று இருக்கு, ஓடு ஓடு” என்று கத்துகிறார்கள். புகார் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இன்றுவரை டிவியில் பெல் கேட்டால் முதலில் சுற்றுப் பலகையில் எண்ணைத்தான் பார்ப்பேன்.

23.08.2023, மாலை 5:45

“அப்படியென்றால் எல்லாரும் ரியோ அயானா மாதிரி ஓட வேண்டியதுதானே?”

அந்த ஓட்டத்தை மறக்க முடியுமா? 2016 ரியோ ஒலிம்பிக், ஆகஸ்ட் 12, காலை நேரத்து ஃபைனல். கென்யாவின் ஆலிஸ் அப்ரோட் ஆரம்பத்திலிருந்து கடுமையாக இழுத்தார். பாதிக்குப் பிறகு எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா முன்னால் வந்தார், அதோடு மற்றவர்களுக்குத் தங்கம் இல்லை என்றாகிவிட்டது. 29:17.45. வாங் ஜுன்ஷியா 1993-ல் பெய்ஜிங்கில் வைத்த 29:31.78 இருபத்து மூன்று வருஷமாக அசையாமல் கிடந்தது. அதை 14 விநாடிக்கு மேல் உடைத்தார், அதுவும் பேஸ்மேக்கர் இல்லாத ஒலிம்பிக் ஃபைனலில். இரண்டாவது வந்த விவியன் செருயோட் 29:32.53, பழைய உலக சாதனைக்கும் அதற்கும் ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை. இரண்டு ஒலிம்பிக்கில் 10,000 ஜெயித்த திருநேஷ் திபாபா 29:42.56 ஓடி மூன்றாவது! முன்னால் இழுத்த அப்ரோட் 29:53.51, வெறுங்கை.

ஆனால் ஒரு வாரம் கழித்து 5000 மீட்டர் ஃபைனலையும் பார்க்க வேண்டும். அயானா அதே வைத்தியத்தை மறுபடி செய்தார். நடுவிலேயே கிளம்பி பெரிய இடைவெளி போட்டார். அந்த இடைவெளி கரையக் கரையப் பார்ப்பது கொடுமை. செருயோட் 14:26.17-ல் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம், ஒபிரி வெள்ளி, அயானா 14:33.59, வெண்கலம். பாக்கெட் ராக்கெட் என்று செருயோட்டை அழைப்பார்கள், சின்ன உருவம், அந்தக் கடைசிச் சுற்றுகளில் அவர் குறிவைத்துத் துரத்தினதை யூடியூபில் தேடிப் பாருங்கள்.

முன்னால் போவது அழகு. ஆனால் அதற்கு மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும், அன்றைக்கென்று உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போகிறவர்களின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

24.08.2023, காலை 8:10

இடையில் ஒரு கேள்வி: ஏன் பின்னால் வருபவர்கள் பக்கவாட்டில் வராமல் வரிசையாக வருகிறார்கள்? தூரம்தான். இரண்டாவது லேனில் ஒரு சுற்று முழுக்க ஓடினால் ஏழு மீட்டருக்கு மேல் கூடுதல். வளைவில் வெளியே ஓடுவது கையில் இருக்கும் காசைக் கீழே போட்டுக்கொண்டே போவது. நேர்க்கோட்டில் தாண்டுவதுதான் புத்தி.

24.08.2023, இரவு 10:40

பெண்களுக்கு இந்த ஓட்டமெல்லாம் எப்போது வந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ரட்கே ஜெயித்தார். ஓடியவர்கள் பாதிப்பேர் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகளில் கதை கட்டினார்கள். ஓடியது ஒன்பது பேர், ஒன்பது பேரும் முடித்தார்கள். இருந்தும் 1960 வரை 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டம் கிடையாது. 1500 வந்தது 1972-ல், மாரத்தான் 1984-ல், 10,000 மீட்டர் 1988 சியோலில். 5000 இன்னும் தாமதம், 1996 அட்லாண்டா, அதுவரை 3000 தான். பன்னிரண்டரைச் சுற்று அதிகம் என்று நினைத்தவர்கள் இருபத்தைந்து சுற்றை எட்டு வருஷம் முன்னாலேயே அனுமதித்தது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் சிரிப்புதான் வருகிறது.

27.08.2023, காலை 7:00

புடாபெஸ்ட் 5000 மீட்டர்: ஃபெய்த் கிப்யேகோன் 14:53.88, ஹசன் 14:54.11, செபெட் 14:54.33. மறுபடி மெதுவான ஓட்டம், மறுபடி 1500-காரர்கள் முன்னால். விழுந்த ஹசன் 1500-ல் வெண்கலம், இதில் வெள்ளி. அவருக்காக இங்கே அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

04.10.2023, காலை 9:30

நேற்று ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் பாருல் சௌத்ரி 5000 மீட்டரில் தங்கம்! 15:14.75. முந்தின நாள்தான் தடைகளும் தண்ணீர்க்குழியும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி. ஜப்பானின் ரிரிகா ஹிரோனாகா முன்னால் இழுத்துக்கொண்டே போனார், பாருல் ஒட்டிக்கொண்டே வந்தார், கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தாண்டினார். வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

இப்போது இந்த இழையில் நக்கல் ஆரம்பித்துவிட்டது. “முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டினீர்களே, அக்கா?” திட்டினேன்தான். நம்ம ஆள் செய்தால் இனிக்கிறது, என்ன செய்ய? ஆனால் நேற்று ராத்திரி ஹிரோனாகாவையும் நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் தங்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் வரும் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும்.

பாருல் பேட்டியில் சொன்னது அதைவிட நன்றாக இருந்தது. கடைசி 50 மீட்டரில் அவர் நினைத்தது உ.பி. போலீஸில் தங்கம் வாங்கினால் டி.எஸ்.பி. பதவி தருவார்கள் என்பதைத்தான். விஞ்ஞானிகள் கிக் பற்றி ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு இருக்கட்டும்.

04.10.2023, மாலை 6:15

“இந்தியப் பெண்கள் இதில் ஜெயித்ததே இல்லை” என்று எழுதியவருக்கு: 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர். பிரீஜா ஸ்ரீதரன் 31:50.47 தங்கம், கவிதா ராவத் 31:51.44 வெள்ளி. முதல் இரண்டும் நமக்கு. அதே போட்டிகளில் ஸ்டீபிள்சேஸில் சுதா சிங் தங்கம். நம் புதுக்கோட்டை சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். இதெல்லாம் தலைப்புச் செய்தி ஆகாததற்கு ஓடியவர்கள் பொறுப்பில்லை.

06.08.2024, காலை 7:25

பத்து மாதம் தூங்கிய இழையை எழுப்புகிறேன். பாரிஸ் ஒலிம்பிக் 5000 மீட்டர். செபெட் 14:28.56 தங்கம். இரண்டாவது வந்த கிப்யேகோனை, ஓட்டத்தின் நடுவில் செகாயோடு தள்ளுமுள்ளு என்று டிஸ்குவாலிஃபை செய்தார்கள். மூன்றாவது வந்த ஹசன் வெள்ளி, நான்காவது வந்த இத்தாலியின் நாடியா பட்டோக்லெட்டி வெண்கலம் என்றாகிவிட்டது. கென்யா அப்பீல் பண்ணி கிப்யேகோனுக்கு வெள்ளி திரும்ப வந்தது, ஹசனுக்கு வெண்கலம். பட்டோக்லெட்டி மறுபடி நான்காவது. கொஞ்ச நேரத்து மெடல்.

10.08.2024, காலை 6:30

பட்டோக்லெட்டிக்கு வெள்ளி! 10,000 மீட்டர்: செபெட் 30:43.25, பட்டோக்லெட்டி 30:43.35, ஹசன் 30:44.12. பத்தில் ஒரு பங்கு விநாடியில் தங்கம் போச்சு, ஆனாலும் அந்தப் பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பா ஜூலியானோவும் இத்தாலிக்காக ஓடியவர்தான், கோச்சும் அவரே.

மே மாதம் யூஜீனில் 28:54.14 ஓடி, 29 நிமிஷத்துக்குள் வந்த முதல் பெண் ஆனவர் செபெட். அவரே ஒலிம்பிக்கில் 30:43-க்குச் சம்மதித்தார். பெல் வரை பொறுத்தால் தங்கம் என்று தெரிந்தவர் எதற்கு முன்னால் போய்க் காற்று வாங்க வேண்டும்? கேள்வி அவரிடம் கேட்கக் கூடாது, அவரோடு கடைசிச் சுற்று வரை சும்மா வந்த மற்றவர்களிடம் கேட்க வேண்டும். இதுதான் என் கட்சி, போன வருஷமும் இதுதான்.

10.08.2024, இரவு 8:00

கோட்டுக்கு முன்னாலேயே மெடல் வந்துவிட்டதென்று கையைத் தூக்குகிறவர்கள் பட்டியல் கேட்டீர்கள். 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் 10,000: எத்தியோப்பியாவின் மெசெலெச் மெல்காமு ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்க, லினெட் மசாய் உள்ளே புகுந்து தங்கம், 30:51.24-க்கு 30:51.34. 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப் 10,000: அமெரிக்காவின் மாலி ஹடில் வெண்கலம் என்று கையைத் தூக்க, அதே அமெரிக்காவின் எமிலி இன்ஃபெல்ட் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து சுற்று ஓடியவருக்குக் கடைசி ஒரு அடி பொறுக்க முடியவில்லை.

11.08.2024, மதியம் 3:10

ஹசன் மாரத்தானில் தங்கம். 2:22:55. வெள்ளிக்கிழமை ராத்திரி 10,000, ஒன்றரை நாள் கழித்து ஞாயிறு காலையில் 42 கிலோமீட்டர். கடைசித் திருப்பத்தில் டிக்ஸ்ட் அசெஃபாவோடு முழங்கை இடித்தல், எத்தியோப்பியாவின் ஆட்சேபம், தள்ளுபடி. மூன்று விநாடி வித்தியாசம். எனக்கு இவர் ஓடும் விதம் பிடிக்காது என்று இங்கேயே பலமுறை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

21.09.2025, காலை 8:45

டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டும் முடிந்தன. செபெட் 10,000-ல் 30:37.61, நேற்று 5000-ல் 14:54.36, இரட்டைத் தங்கம். ஜூலையில்தான் 5000-ஐ 13:58.06-ல் ஓடி, 14-க்குள் வந்த முதல் பெண் ஆனார். பட்டோக்லெட்டிக்கு 10,000-ல் வெள்ளி, 5000-ல் வெண்கலம், இந்த முறை யாரும் அப்பீலில் பிடுங்கவில்லை. 5000-ல் கிப்யேகோன் வெள்ளி.

21.09.2025, மதியம் 12:20

புதிதாக வந்த தங்கைக்கு: 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. அதனால் முடிவுக் கோட்டில் ஆரம்பிக்க முடியாது, 200 மீட்டர் கோட்டுப் பக்கம் நிற்க வைப்பார்கள். 10,000-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆள் அதிகமானால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வெளி லேன்களில் கொஞ்சம் முன்னால் நிறுத்துவார்கள், முதல் வளைவு முடிந்ததும் எல்லாரும் உள்ளே வரலாம். உங்கள் மகள் ஸ்கூல் மீட்டில் 3000 ஓடுகிறாள் என்றால் ஏழரைச் சுற்று. தாழ்ந்துபோன பிள்ளைகளைத் தனியாக எழுதுகிறார்களா என்று மட்டும் சுற்று எண்ணுகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.